வேத வசனங்களைத் தினமும் கையால் எழுதும் பழக்கம்: முதல் வரியிலிருந்து முதல் நோட்டு முடியும்வரை

23ஆம் சங்கீதம் எனக்குச் சிறு வயதிலேயே மனப்பாடம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அதை ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்த அன்றுதான் ஒன்று கண்ணில் பட்டது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சங்கீதம் தொடங்குகிறது. இரண்டாம் வசனத்தின் முதல் சொல் "அவர்". மூன்றாம் வசனத்தின் முதல் சொல்லும் "அவர்". நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே என் பேனா "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று எழுதியது. அதுவரை கர்த்தரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தாவீது, இருட்டுக்குள் கால் வைத்ததும் கர்த்தரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறார்.

அப்புறம் இன்னொன்று. மூன்றாம் வசனத்தில் "என் ஆத்துமாவைத் தேற்றி" என்று எழுதின கை, நாலாம் வசனத்தின் முடிவில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்று எழுதுகிறது. புல்லுள்ள இடத்திலும் தேற்றுதல், பள்ளத்தாக்கிலும் தேற்றுதல். இத்தனை வருஷம் வாயால் சொன்னபோது இந்த இரண்டும் எனக்குத் தட்டுப்படவே இல்லை. வாய் ஓடிவிடும், கண் அதைவிட வேகமாக ஓடும். கைக்கு அந்த வேகம் கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் கடந்துதான் அது அடுத்த சொல்லுக்குப் போக முடியும்.

வசனம் எழுதும் பழக்கத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த நிதானம்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு யோசனையும் அந்த நிதானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கானது. எத்தனை வசனம் எழுதினோம் என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாவும் எழுத வேண்டியிருந்தது

இது புதிதாக வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். உபாகமம் 17ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலுக்கு வரப்போகும் ராஜாவுக்கான விதிகள் இருக்கின்றன. குதிரைகளை அதிகமாகச் சேர்க்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ப் பெருகப்பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டு, 18ஆம் வசனத்தில் ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. சிங்காசனத்தில் உட்கார்ந்ததும், ஆசாரியரிடத்தில் இருக்கும் நூலைப் பார்த்து, தனக்காக ஒரு நியாயப்பிரமாண நூலை எழுதிக்கொள்ள வேண்டும். அதைத் தன்னிடத்தில் வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும். காரணத்தையும் 20ஆம் வசனம் சொல்லிவிடுகிறது: அவன் இருதயம் அவன் சகோதரர்மேல் மேட்டிமைகொள்ளாதிருக்க வேண்டும் என்பதற்காக. எழுதித்தர ஆள் இல்லாத குறை ராஜாவுக்கு இருந்திருக்காது. ஆனாலும் பார்த்து எழுதும் வேலை ராஜாவின் பெயரிலேயே இருக்கிறது.

எங்கே தொடங்குவது

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு ஆதியாகமம் 1:1இல் தொடங்குவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முழு வேதாகமத்தையும் எழுதி முடிக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழக்கம் வேர் பிடிப்பதற்கு முன்னாலேயே 10ஆம் அதிகாரத்தின் பெயர்ப் பட்டியல் வந்துவிடுகிறது. யாவானின் குமாரர், கூஷின் குமாரர் என்று எழுதிக்கொண்டே போன நாட்களில் நோட்டைத் திறப்பதே பாரமாகிவிட்டது. அந்தப் பட்டியலுக்கும் அர்த்தம் உண்டு, அதை எழுதவும் ஒரு காலம் வரும். பழக்கத்தின் முதல் மாதம் அந்தக் காலம் அல்ல.

கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 66 புத்தகங்கள் உள்ள வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள், ஏறக்குறைய 31,100 வசனங்கள். நாளுக்கு ஒரு வசனம் என்றால் 85 வருஷம் ஆகும். நாளுக்குப் பத்து என்றால் எட்டரை வருஷம். புதிய ஏற்பாடு மட்டும் என்றால் 260 அதிகாரங்கள். நாளுக்குப் பத்து வசனமாக எழுதினால் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். இந்த எண்களைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். முழு வேதாகமம் என்பதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சிறிய முழுப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

"முழுப் பகுதி" என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்று ஏசாயாவில் ஒன்று, நாளை ரோமரில் ஒன்று, நாளன்றைக்கு நீதிமொழிகளில் ஒன்று என்று பொறுக்கி எழுதுவது சுலபம். ஒவ்வொரு நாளும் மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் அப்படி எழுதும்போது நமக்குப் பிடித்ததை மட்டுமே எழுதுகிறோம். ஒரு சங்கீதத்தையோ நிருபத்தையோ தொடக்கத்திலிருந்து முடிவுவரை எழுதினால், நாம் தாண்டிப்போக விரும்பும் வசனமும் கைக்குக் கீழே வந்துதான் ஆகும்.

முதல் வாரத்துக்கு 23ஆம் சங்கீதமும் 1ஆம் சங்கீதமும் போதும். இரண்டிலும் ஆறு ஆறு வசனங்கள். அடுத்து 121ஆம் சங்கீதம், எட்டு வசனம். சங்கீதங்கள் பிடித்துப்போனால் ஆரோகண சங்கீதங்களுக்குப் போகலாம். 120 முதல் 134 வரை பதினைந்து சங்கீதங்கள், மொத்தம் 101 வசனங்கள், அதில் 132ஐத் தவிர எல்லாமே சின்னவை. அப்புறம் ஒரு நிருபம். பிலிப்பியர் நிருபத்தில் 104 வசனங்கள் இருக்கின்றன, நாளுக்கு நாலு எழுதினால் 26 நாளில் முடியும். கதையாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ரூத்: நாலு அதிகாரம், 85 வசனம். மலைப்பிரசங்கம், அதாவது மத்தேயு 5 முதல் 7 வரை, 111 வசனம். இவ்வளவும் எழுதிய பிறகு மாற்கு சுவிசேஷத்தின் 678 வசனங்கள் பெரிதாகத் தெரியாது.

தமிழை நன்றாகப் பேசினாலும் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்கள் 117ஆம் சங்கீதத்தில் தொடங்கட்டும். வேதாகமத்திலேயே மிகச் சின்ன அதிகாரம் அது, இரண்டே வசனம். எழுத்து தடுமாறினாலும் ஒரே நாளில் ஒரு சங்கீதத்தை முழுதாக எழுதி முடித்தாயிற்று என்ற நிறைவு கிடைக்கும். ழகர ளகரமும், ண ன வேறுபாடும் எழுத எழுதத் தானாகக் கையில் உட்காரும். அதற்கென்று தனிப் பயிற்சி தேவைப்படாது.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலயத்தில் நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதையே எழுதுங்கள். 1871இன் பழைய மொழிபெயர்ப்போ, 1995இன் திருவிவிலியமோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பகுதியை முடிக்கும்வரை நடுவில் மாற்ற வேண்டாம். பழைய மொழிபெயர்ப்பில் "அண்டையில்", "எல்லாவற்றையுங்குறித்து" போன்ற சொற்கள் முதலில் கையைத் தடுக்கும். அந்தத் தடுப்பு நல்லதுதான் என்பது என் அனுபவம். தடுக்கிய இடத்தில் கொஞ்சம் நிற்கிறோம் அல்லவா?

நோட்டும் பேனாவும்

இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். கோடு போட்ட, தாள் மெலிதாக இல்லாத ஒரு நோட்டு. மை பின்பக்கம் ஊறாத ஒரு பேனா. இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் காயும் மை நல்லது, இல்லாவிட்டால் எழுதியதைக் கையே அழித்துவிடும். வருஷக்கணக்கில் வைத்திருக்க விரும்பினால் தைத்த, கெட்டி அட்டை போட்ட நோட்டாக எடுங்கள். அழகான நோட்டு வாங்கிவிட்டு, அதில் தப்பாக எழுதிவிடுவோமோ என்று பயந்து திறக்காமலே வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயமில்லாமல் எழுதக்கூடிய நோட்டுதான் சரியான நோட்டு.

நேரமும் இடமும்

"தினமும் நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்" என்று தீர்மானித்தால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தின் பின்னால் இதைக் கட்டிவிடுங்கள். காலையில் முகம் கழுவியதும் எழுதலாம், அல்லது ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் எழுதலாம். ஜெபம் ஏற்கெனவே பழக்கமாக இருக்கிறவர்களுக்கு அதை ஒட்டியே எழுதுவது மிகச் சுலபம்.

முந்தின நாளே வேதாகமத்தில் அந்தப் பக்கத்தில் நாடாவை வைத்து, அதன்மேல் நோட்டு, நோட்டுக்குள் பேனா என்று மேஜைமேல் வைத்துவிடுங்கள். காலையில் தேட எதுவும் இருக்கக் கூடாது. பேனாவைத் தேடப் போனவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார், அதுதான் வழக்கமாக நடக்கிறது. போனில் உள்ள வேதாகமத்தைப் பார்த்து எழுதுவதைக் கூடுமானவரை தவிர்க்கலாம். வேறு வழியில்லை என்றால் இணையத்தை அணைத்துவிட்டு எழுதுங்கள். "நான் தாழ்ச்சியடையேன்" என்று எழுதும் நேரத்தில் திரையின் மேலே ஒரு செய்தி வந்து விழுந்தால், கை வசனத்தில் இருக்கும், மனசு அங்கே இருக்காது.

எவ்வளவு எழுதுவது? மூன்று முதல் ஐந்து வசனம். எனக்கு ஒரு வசனத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகிறது, ஆக மொத்தம் பத்து நிமிடம். கூடவே ஒரு குறைந்தபட்ச அளவையும் இப்போதே முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பு சரியில்லாத நாளிலும், வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருக்கும் நாளிலும் ஒரே ஒரு வசனம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். உற்சாகமான நாட்களில் ஒரு முழு அதிகாரத்தையும் எழுதிவிடத் தோன்றும். ஐந்தோடு நிறுத்தி, மிச்சத்தை நாளைக்கு விட்டுவைப்பது நல்லது. நாளைக்கு நோட்டைத் திறக்க ஒரு காரணம் இருக்கும்.

எழுதும் முறை

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் பார்ப்போம்.

பக்கத்தின் தலையில் தேதி, அதன் கீழே பகுதியின் பெயர். ஒரு சின்ன ஜெபம். "கர்த்தாவே, இன்றைக்குச் சொல்லும்" என்றால்கூடப் போதும். பிறகு அன்றைக்கு எழுதப்போகும் வசனங்கள் முழுவதையும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

இப்போது முதல் வசனம். எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம். அப்படி எழுதினால் கை எழுதும், மனசுக்கு ஒன்றும் போய்ச் சேராது. வசனத்தில் ஒரு காற்புள்ளியோ அரைப்புள்ளியோ வரும்வரை உள்ள துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து, மனசில் பிடித்து, வேதாகமத்திலிருந்து கண்ணை எடுத்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சரிபாருங்கள். அப்புறம் அடுத்த துண்டு.

யோவான் 3:16ஐ இப்படி எழுதிப் பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "தேவன்," என்று தொடங்கி அங்கேயே ஒரு காற்புள்ளியில் நிற்கிறது. தேவன் என்ன செய்தார்? இன்னும் சொல்லவில்லை. "தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு," என்று அடுத்த துண்டு நீளமாகப் போகிறது. அதில் வருகிறவன் விசுவாசிக்கிறவன். அவன் கெட்டுப்போகக் கூடாது, அவனுக்கு ஜீவன் வேண்டும். பிறகு "அவரைத் தந்தருளி,". கடைசியில்தான் "இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்." தமிழ் வாக்கியத்தில் வினை முடிவில் வருவதால், அன்பு என்ற சொல்லுக்காக வசனம் முழுவதும் காத்திருக்கிறோம். "தேவன்" என்று தொடங்கின கை "அன்புகூர்ந்தார்" என்று முடிக்கும்போது, நடுவில் உள்ள அத்தனையும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. துண்டு துண்டாக எழுதாவிட்டால் இந்தக் காத்திருப்பு தெரியாது.

அடுத்து, வசன எண்ணைப் பார்த்து நிறுத்தாமல், பொருள் முடியும் இடத்தைப் பார்த்து நிறுத்துங்கள். வசன எண்கள் மூலத்தில் இல்லாதவை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் தம் கிரேக்கப் பதிப்பில் கொடுத்தார். தேடி எடுக்க அவை பெரிய உதவிதான். ஆனால் நீதிமொழிகள் 3:5ஐ மட்டும் எழுதி நிறுத்திப் பாருங்கள்: "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து," என்று வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். "நம்பிக்கையாயிருந்து" என்ன செய்ய வேண்டும்? "உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள்" என்ற 6ஆம் வசனத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் எழுத வேண்டும். அன்றைக்கு மூன்றுக்குப் பதில் நாலு வசனம் ஆனால் ஆகட்டும்.

திரும்பத் திரும்ப வரும் சொற்களைச் சுருக்க வேண்டாம். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடிகிறது. நாலைந்து வசனத்துக்குப் பிறகு, மிச்சத்துக்கு ஒரு கோடு போட்டு விட்டுவிடலாமே என்று கை கேட்கும். விடாதீர்கள். வானங்களை உண்டாக்கினதற்கும் அதே கிருபை, செங்கடலைப் பிளந்ததற்கும் அதே கிருபை. 23ஆம் வசனத்தில் "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை" என்று வருகிறது. அதுவரை வானத்தையும் கடலையும் எழுதிக்கொண்டிருந்த கை, திடீரென்று நம்மைப் பற்றி எழுதுகிறது. 22 தடவை எழுதிவிட்டு வந்து அந்த 23ஆம் தடவை "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று எழுதும்போது கிடைப்பது, கோடு போட்டுத் தாண்டினவருக்குக் கிடைக்காது.

இதேபோல் "கர்த்தர்" என்று இருக்கும் இடத்தில் "தேவன்" என்று எழுதிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரம் முழுக்க "தேவன்" என்றே வருகிறது. இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து "தேவனாகிய கர்த்தர்" வருகிறது. வாசிக்கும்போது இந்த மாற்றம் யாருக்கும் தெரிவதில்லை. எழுதும்போது பேனாவே காட்டிக்கொடுக்கும்.

வசனங்களை எழுதி முடித்ததும் கீழே ஒரே ஒரு வரி உங்களுடையது. இன்று எந்தச் சொல்லில் கை நின்றதோ அந்தச் சொல்லுக்கு ஒரு கோடு போட்டு, ஏன் என்று ஒரு வரி. அது கேள்வியாக இருக்கலாம், ஜெபமாகவும் இருக்கலாம். பிலிப்பியர் 4:6 எழுதின அன்று நான் கோடு போட்ட சொல் "ஸ்தோத்திரத்தோடே". கவலைப்படாமல் விண்ணப்பம் பண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. விண்ணப்பம் ஸ்தோத்திரத்தோடு போக வேண்டும் என்ற இடத்தை எப்போதும் தாண்டியே வந்திருக்கிறேன். ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அரைப் பக்கம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எழுத ஒன்றும் தோன்றாத நாளில் நோட்டைத் திறக்க மாட்டோம். ஒன்றும் தோன்றவில்லையா, கோட்டோடு விட்டுவிடுங்கள்.

தப்பாக எழுதிவிட்டால்

தாளைக் கிழிக்காதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியாக எழுதுங்கள். 1947இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதில் 40ஆம் அதிகாரத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஏழாம் வசனத்திலும் எட்டாம் வசனத்திலும் "புல் உலர்ந்து, பூ உதிரும்" என்ற சொற்கள் இரண்டு தடவை வருகின்றன. எழுதினவரின் கண் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாவிவிட்டது, நடுவில் இருந்தது விடுபட்டுப்போயிற்று. பிறகு வேறொரு கை, விடுபட்டதை வரிக்கு மேலும் ஓரத்திலும் எழுதிச் சேர்த்திருக்கிறது. "நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்று சொல்லும் அதே இடத்தில்! எழுதுகிறவரின் கண் தவறியது, வசனம் நின்றது. அந்தச் சுருளை நினைத்துக்கொண்டால் நம் நோட்டில் இருக்கும் அடித்தல் திருத்தல் நம்மை உறுத்தாது.

நமக்கும் தப்பு வருவது பெரும்பாலும் இப்படித்தான்; ஒரே சொல் இரண்டு இடத்தில் வரும்போது கண் தாவிவிடும். எழுதும் வசனத்துக்குக் கீழே ஒரு அட்டையை வைத்து, அடுத்த வரிகளை மறைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

விட்டுப்போன நாட்கள்

கட்டாயம் விட்டுப்போகும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும், 96 பேர் புதிய பழக்கம் ஒன்றைக் கைக்கொள்வதைக் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் பார்த்தால் 18 நாளிலிருந்து 254 நாள்வரை. 21 நாளில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதை வைத்து உங்களை அளக்காதீர்கள். அந்த ஆய்விலிருந்து எனக்கு ஆறுதலான செய்தி வேறு: நடுவில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

எனவே கடன் அடைக்க முயல வேண்டாம். மூன்று நாள் விட்டுப்போனால் நாலாம் நாள் பதினைந்து வசனம் எழுதத் தோன்றும். கை வலித்து, மனசு சலித்து, ஐந்தாம் நாளும் விட்டுப்போகும். நோட்டில் அந்த நாட்களுக்கென்று இடம் விடவும் வேண்டாம். வெற்றுப் பக்கம் ஒவ்வொரு தடவையும் குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கும். இன்றைய தேதியைப் போட்டு, விட்ட வசனத்திலிருந்து அளவாகத் தொடருங்கள். கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றிப் புலம்பலில் எரேமியா எழுதுவது போல "அவைகள் காலைதோறும் புதியவைகள்".

நோட்டே தொலைந்துபோனவர்களும் உண்டு. தண்ணீர் பட்டு மை கரைந்து போய்விடுவதும் உண்டு. அவர்களுக்கு எரேமியா 36ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்வேன். எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு ஒரு சுருளை எழுதினான். அதை மூன்று நாலு பத்தி வாசிக்கக் கேட்டதுமே யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து, எதிரே எரிந்துகொண்டிருந்த நெருப்பில் போட்டான். சுருள் முழுவதும் எரிந்துபோயிற்று. பிறகு எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்தார். எரிந்ததில் இருந்த எல்லாம் திரும்ப எழுதப்பட்டது, அவைகளுக்கு ஒத்த வேறு அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அந்த அதிகாரம் முடிகிறது. இரண்டாவது சுருள் முதல் சுருளைவிடப் பெரியது.

குடும்பமாக எழுதினால்

எரேமியா சொல்ல பாருக்கு எழுதினான். ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்ல தெர்தியு எழுதினார். 16:22இல் தம் பெயரைச் சொல்லி வாழ்த்தும் கூறுகிறார். ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதும் இந்த முறை வீட்டுக்கு மிகவும் பொருந்தும். கண் மங்கின பாட்டி மனப்பாடமாகச் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். பாட்டி சொல்வதில் ஒரு சொல் மாறியிருந்தால் பிள்ளை வேதாகமத்தைத் திறந்து பார்க்கும்; அந்தத் தேடலே அதற்கு ஒரு பாடம். பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு வசனம் போதும். கையெழுத்தைத் திருத்தும் வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வசனம் தண்டனைப் பாடமாக மாறிவிடக் கூடாது.

விரல் வலி, மூட்டு வலி உள்ளவர்கள் தடிமனான பேனாவால் பெரிய எழுத்தில் ஒரு வசனம் எழுதலாம். அதுவும் முடியாதபோது தட்டச்சு செய்வதில் தவறில்லை. ஆனால் போன் அடுத்த சொல்லைத் தானே எடுத்துக்கொடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். "கிருபை" என்ற சொல்லை நீங்களே எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை புதிதாக எழுதாமல், அந்த வாரத்துப் பக்கங்களை மட்டும் வாய்விட்டு வாசிக்கலாம். அச்சில் வாசிப்பதும் சொந்தக் கையெழுத்தில் வாசிப்பதும் ஒன்றல்ல. எழுத்து அவசரமாக ஓடின இடம், அழுத்தி எழுதின இடம், கோடு போட்ட சொல், எல்லாம் அந்த நாளை நினைவுபடுத்தும்.

ஒரு பகுதி முழுவதும் முடிந்ததும் இன்னொரு பயிற்சி செய்யலாம், கட்டாயமில்லை. வேதாகமத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து அதே பகுதியை எழுதுங்கள். பிறகு வேறு நிற மையால் திருத்துங்கள். மறந்துபோன சொற்களைவிட மாற்றி எழுதின சொற்களைக் கவனியுங்கள். அந்த வசனத்தை இத்தனை நாள் மனசு எப்படி வைத்திருந்தது என்பது அங்கே தெரியும்.

எழுதின பக்கத்தைப் படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நோயில் இருக்கும் ஒருவருக்கு, துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு வசனம் அனுப்புவது மிகவும் நல்லது. தினமும் எல்லாருக்கும் காட்டுவதற்காக எழுத ஆரம்பித்தால், கை எழுத்தழகைப் பார்க்கப் போய்விடும். முதல் இரண்டு மாதமாவது நோட்டு உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருக்கட்டும்.

119ஆம் சங்கீதம்

மூன்று நாலு மாதம் எழுதிப் பழகின பிறகு இதை எடுங்கள். 176 வசனம் என்று பயப்பட வேண்டாம், அது தானாகவே நாள்வாரியாகப் பிரிந்து நிற்கிறது. எபிரெய எழுத்துகள் 22. ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு வசனம், மூலத்தில் அந்த எட்டும் அதே எழுத்தில் தொடங்குகின்றன. நாளுக்கு எட்டு வசனமாக 22 நாள். வேதம், சாட்சிகள், கட்டளைகள், பிரமாணங்கள், கற்பனைகள், நியாயங்கள், வசனம், வாக்கு என்று ஏறக்குறைய ஒவ்வொரு வசனத்திலும் இந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு மட்டும் வேறு நிற மையை வைத்துக்கொண்டால், 22ஆம் நாள் நோட்டைப் புரட்டும்போது அந்த நிறம் இல்லாத வரிகளைத்தான் தேட வேண்டியிருக்கும். "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்ற 11ஆம் வசனம் இரண்டாம் நாளிலேயே வந்துவிடும். "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும்" என்ற 105ஆம் வசனம் 14ஆம் நாளின் முதல் வசனம்.

நோட்டு முடியும் அன்று

முன் அட்டையின் உள்பக்கத்தில் தொடங்கின தேதி, முடிந்த தேதி, எழுதின பகுதிகள், இவ்வளவும் எழுதிவையுங்கள். புதிய நோட்டைக் கடைசிப் பத்துப் பக்கம் மிச்சம் இருக்கும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும். இடையில் நோட்டு இல்லாமல் போன இரண்டு நாள், இரண்டு வாரமாக நீண்டுவிடும். பழைய நோட்டின் கடைசி வரியை எழுதின அதே இடத்தில், எழுந்திருக்காமல், புதிய நோட்டில் தேதியைப் போட்டு அடுத்த பகுதியின் முதல் வசனத்தை எழுதிவிடுங்கள்.